உள்ளறைப் பியானோ

எங்கள் வீட்டில் பிடில் முன்னறையில் இருந்தது, பியானோ உள்ளறையில் இருந்தது. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவை எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு சாத்த வேண்டும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தேன். இதைக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் ஒரு காலத்தில் அந்தக் கோட்டைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது நினைத்தால் கோடு போட்ட கையை என்ன செய்தால் தகும் என்று தோன்றுகிறது.

ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் துறைமுகத்தில் குமாஸ்தா. கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளின் முத்திரையைப் பார்த்து எது எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று சொல்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்து மாதா கோயிலில் பூசைக்குப் பிடில் வாசிப்பேன். எங்கள் தெருவில் பிடில் பெட்டியோடு நடக்கிறவன் நான் ஒருவன்தான். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. பெட்டியை வலது கையில் பிடித்தால் தெருவுக்கு நன்றாகத் தெரியும் என்று வலது கையில்தான் பிடிப்பேன்.

என் மனைவி தாய் தகப்பன் இல்லாமல் கன்னியாஸ்திரீகள் மடத்தில் வளர்ந்தவள். அங்கே அவளுக்கு ஆர்மோனியமும் பியானோவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், விரலில் வந்துவிடும். மடத்தில் அத்தனை வருஷம் இங்கிலீஷ் பாட்டும் லத்தீன் பாட்டும் பாடியும் அவள் பேச்சு மட்டும் அசல் ராயபுரமாகவே இருந்தது. அதை மாற்ற முயன்று கன்னியாஸ்திரீகள் களைத்துப் போனார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, ஒரு பழைய பியானோவையும், குழாய் வைத்த கிராமபோனையும், ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் சேர்த்து எடுத்தேன். மாட்டு வண்டியில் வந்து இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. பியானோவின் மூடியைத் திறந்து காட்டினேன். எதிர்வீட்டுப் படகுக்காரர் அரைமணி நேரம் அதையே பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பீரோவுக்குப் பல்லு மொளைச்சிகீது?" என்றார். என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டாள். பிறகு உண்மையாகவே அழுதாள். மடத்தை விட்டு வந்து ஒரு வருஷமாக அவள் பியானோவைத் தொட்டிருக்கவில்லை.

அந்த இசைத்தட்டுகளில் ஒரு சொனாட்டா இருந்தது. பிடிலும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட பாட்டு, ஒரு ஜெர்மன்காரர் எழுதியது. "நம்ம எண்ணெ டாங்கில குண்டு போட்டானே, அவன் ஊரு ஆளா?" என்று படகுக்காரர் கேட்டார். அந்த ஊர்தான் என்றேன். "அவன் இப்டிக்கூட அழுவானா?" என்றார். அந்தப் பாட்டைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தட்டைப் போட்டால் பிடில் நம் காதோரம் வந்து நின்று வாசிக்கும். வில் திரும்பும் சத்தம்கூடக் கேட்கும். பியானோவோ எங்கேயோ நாலு வீடு தள்ளி யாரோ பாத்திரம் கழுவுவது போல இருக்கும். முதல் தடவை கேட்டபோதே என் மனைவி, "பியானோ வாசிக்கிற ஆளு கெணத்துக்குள்ள ஒக்காந்துகினு கீறாரு போலகீது" என்றாள்.

"அப்படித்தான் வாசிக்கணும். அதுதான் நயம்" என்றேன்.

எனக்கு அப்போது என்ன தெரியும்? தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். அதில் பிடில் வித்வான் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் எறும்பு எழுத்தில் பியானோ துணை என்று போட்டு விட்டிருந்தார்கள். வாசித்தவர் பெயர்கூட இல்லை. துணை என்றால் துணை. எழுதிய மகானே பியானோ தூரத்தில் கேட்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார், இல்லாவிட்டால் பெரிய கம்பெனிக்காரன் அப்படிப் பதிவு செய்வானா என்று அவளிடம் வாதாடினேன். என் குரல் உயர்ந்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அதை நான் ஒவ்வொரு தடவையும் ஜெயித்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

நாங்களும் அந்தச் சொனாட்டாவை வாசிக்கத் தொடங்கினோம். பியானோ ஸ்டூலின் மூடிக்கு அடியில் பிடிலுக்கு உண்டான தாள்கள் மட்டும் கிடைத்தன. பியானோவுக்கு உண்டான புத்தகத்தை அந்த அதிகாரியின் மனைவி கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும். அதனால் நான் தாளைப் பார்த்து வாசித்தேன், அவள் தட்டைக் கேட்டு வாசித்தாள். கிணற்றுக்குள்ளிருந்து வரும் சத்தத்தை ஒவ்வொரு சுரமாக மேலே இழுத்தாள். ஒரு பக்கத்தைப் பத்து தடவை, இருபது தடவை போட்டுக் கேட்பாள். கேட்காத இடத்தில் தானாக ஏதாவது வைத்து நிரப்புவாள். அது எப்படிப்பட்ட வேலை என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சத்தம் அதிகம் என்பதுதான்.

தட்டில் கேட்பது போலவே எங்கள் வீட்டிலும் கேட்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. முதலில் பியானோவின் முதுகில் ஒரு கம்பளியைப் போட்டேன். போதவில்லை. இன்னொரு கம்பளி. அப்புறம் மூட்டை தூக்கும் ஆட்கள் நாலு பேரைக் கூட்டி வந்து பியானோவை உள்ளறைக்கே தள்ளினேன். முன்னறையில் நின்று வாசித்துப் பார்த்து, கதவை இவ்வளவு சாத்தினால்தான் தட்டில் உள்ள அளவு வருகிறது என்று கண்டுபிடித்து அந்தக் கோட்டைப் போட்டேன். வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து, "தட்டு மாதிரியே இல்லையா?" என்று கேட்பேன். தட்டு மாதிரியேதான் இருந்தது. அந்த அளவில் நான் கெட்டிக்காரன்.

உள்ளறையில் ஜன்னல் கிடையாது. அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாசிப்பாள். ஒருநாளும் புழுக்கம் என்று சொன்னதில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு.

"உங்க தாள்ல நடுவுல நடுவுல சும்மா வுட்டுகீறாங்களே, அங்க எல்லாம் இன்னா நடக்குது?"

"ஒன்றும் நடக்கவில்லை. பிடிலுக்கு ஓய்வு."

"நீங்க சும்மா நிக்கிறப்ப பியானோவும் சும்மாவா நிக்கும்? இன்னாத்துக்கு அவ்ளோ நேரம் வுட்டுகீறாரு?"

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் வரும்.

முதல் பாகத்தின் நடுவில் ஓரிடம் உண்டு. அங்கே பிடில்காரன் வில்லை விட்டு விரலால் தந்தியைக் கிள்ள வேண்டும். டொக், டொக் என்று. தட்டில் அந்த இடத்தில் கிள்ளல்தான் பெரிதாகக் கேட்கும், பின்னால் பியானோ என்னவோ முணுமுணுக்கும். நான் அந்தக் கிள்ளலை மிகப் பெரிய வித்தை என்று நினைத்து, விரல் சிவக்கச் சிவக்கக் கிள்ளினேன். அவளுக்குக் கீழ்ச்சுரங்களில் லேசாக வைத்துக்கொண்டு போகச் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பிட்ட பிறகு வாசிக்க நின்றோம். நான் எப்போதும் தெரு ஜன்னலைப் பார்த்து நிற்பேன், தெரு என்னைப் பார்க்க வேண்டும் அல்லவா? கதவு என் முதுகுப் பக்கம். அன்றைக்கு அவள் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறாள். கம்பளிகளையும் எடுத்துவிட்டிருக்கிறாள். தொடக்கத்தில் எல்லாம் தணிவாகவே வாசித்துக்கொண்டு வந்தாள். நான் வில்லை இறக்கிக் கிள்ளத் தொடங்கினேன். உடனே உள்ளறையிலிருந்து அந்தச் சொனாட்டாவின் முதல் மெட்டு, நான் ஆரம்பத்தில் வாசிக்கும் அதே மெட்டு, முழுக் குரலில் வந்தது.

நான் கிள்ளுவதை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. நான் நடந்து போய்க் கதவைச் சாத்தினேன். சத்தமாகவே சாத்தினேன். பியானோ நின்றது.

பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், "தட்டில் இல்லாததை வாசிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?" என்றேன்.

"தட்டுல கீதுங்க. அடியில கீது. நல்லா கேட்டுப் பாருங்க."

"எனக்குக் காது இல்லையா?"

"காது கீது. உங்க பிடிலு அத ரொப்பிகினு கீது" என்றாள். குரலில் கோபமே இல்லை. பிறகு, "அங்க நீங்க கிள்ளிகினு கீறது தாளம்தாங்க. பாட்டு என் கையில கீது" என்றாள்.

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பளிகளை அவளே எடுத்துப் பழையபடி பியானோவின் முதுகில் போட்டாள். அந்த இடத்தை அதற்கப்புறம் அவள் நான் சொன்னபடிதான் வாசித்தாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் தட்டைப் போட்டுக் குழாயருகே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள், என்னைக் கண்டதும் ஊசியை எடுத்துவிடுவாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வருஷம் கோயில் திருநாளை ஒட்டி ரயில்வேக்காரர்கள் கூடும் மண்டபத்தில் கச்சேரி வைத்தார்கள். என்னையும் கேட்டார்கள். அங்கே மேடையில் நல்ல பியானோ ஒன்று இருந்தது, எங்கள் வீட்டுப் பியானோ அதன் காலடியில் நிற்காது. நான் அதைத் திரைக்குப் பின்னால் தள்ளச் சொன்னேன். என் மனைவி கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஒரே ஒரு தபாங்க" என்றாள். "திரை வேணாம். முன்னால ஒக்காந்து வாசிக்கிறேன். தணிவாத்தான் வாசிக்கிறேன், சத்தியமா."

"நீ முன்னால உட்கார்ந்தால் ஜனங்கள் உன்னைத்தான் பார்ப்பார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள்" என்றேன்.

அவள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நாங்கள் ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தோம். கைதட்டல் ஓயவில்லை. நான் மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தேன். திரையை விலக்கி அவளைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. தோன்றி மறுத்திருந்தால்கூட நான் கெட்டவன் என்று சொல்லிக்கொண்டு கிடப்பேன். முன்வரிசையில் இருந்த ஒரு ரயில்வேக்காரர் மேடையருகே வந்து, "உள்ள இன்னாபா மிசினு வச்சிகினு வாசிச்ச? ஜோரா ஒத்துப் போவுது!" என்றார். நான் சிரித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு முழ தூரத்தில் அவள் இருந்தாள்.

ஜட்கா வண்டியில் திரும்பும்போது, "மிசினாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மழைக்காலத்தில் அவளுக்கு விஷ ஜுரம் வந்தது. உள்ளறையில் பியானோவுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டோம். மூன்றாம் வாரம் ஜுரம் இறங்குவது போல இருந்தது. என்னைப் பார்த்து, அந்தக் கிள்ளுகிற இடத்தை வாசிக்கச் சொன்னாள். கட்டிலருகே நின்று கிள்ளினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "கொஞ்சம் மெதுவா கிள்ளுங்க. என் பாட்டு எனக்கே கேக்கல" என்றாள். ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். இருந்தாலும் மெதுவாகக் கிள்ளினேன். அவளுக்காக நான் தணிந்து வாசித்தது அந்த ஒரு தடவைதான். மறுநாள் சாமியார் வந்து சாகும் வேளைக்குரிய அவஸ்தை எண்ணெயைப் பூசினார். அதற்கு அடுத்த நாள் காசிமேட்டுக் கல்லறைக்குக் கொண்டு போனோம்.

அதன்பிறகு நான் அந்தச் சொனாட்டாவைத் தொடவில்லை. பியானோவை மடத்துக்குக் கொடுத்துவிட்டேன். கோயிலில் மட்டும் வாசித்து வந்தேன். பல வருஷம் போயிற்று.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த திருவொற்றியூர்க்காரர் ஒருவர் புதிதாகக் கிராமபோன் வாங்கியிருந்தார். வெளியே குழாய் இல்லாத பெட்டி மாதிரி. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் அந்த ஜெர்மன்காரர் சொனாட்டா புதுப் பதிவாக வந்திருக்கிறது என்று தட்டைக் காட்டினார். நடுத்தாளில் இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்தில். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஊசியை வைத்துவிட்டார்.

பிடிலும் பியானோவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் வாழ்நாளெல்லாம் முணுமுணுப்பு என்று நினைத்த இடங்களில் எல்லாம் பியானோ பேசியது, கேள்வி கேட்டது, சில இடங்களில் பிடிலை இழுத்துக்கொண்டு போனது. தாளில் எனக்கு ஓய்வு என்று விட்டிருந்த இடங்களில் அது தனியாக நின்று பாடியது. பிறகு அந்த நடு இடம் வந்தது. பிடில் வில்லை விட்டுக் கிள்ளியது. மிக மெதுவாக, ஒரு மூலையில் நிற்பது போல. பியானோவில் முதல் மெட்டு முழுக் குரலில் வந்தது.

நண்பரிடம் திரும்ப அந்த இடத்தைப் போடச் சொன்னேன். போட்டார். இன்னொரு தடவை. நாலாம் தடவை ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா ஆச்சு நைனா? ஒடம்பு சரியில்லியா?" என்றார்.

பழைய தட்டில் பியானோ இப்படிக் கேட்காதே என்றேன். அவர் விளக்கினார். இப்போது மின்சாரத்தால் பதிவு செய்கிறார்களாம். அப்போதெல்லாம் ஒரு பெரிய குழாயை வைத்துப் பிடில்காரரை அதன் வாயோடு ஒட்டி நிறுத்துவார்களாம், பியானோவைப் பின்னால் எங்கேயோ வைப்பார்களாம். "மிசினுக்கு அவ்ளோதான் காது. அதுக்காவ எழுதினவரா அப்டி எழுதுவாரு?" என்றார்.

ஆக, அது மெஷினின் குறை. அந்தக் குறையை நயம் என்று நினைத்து, என் வீட்டுக்குள் கதவும் கம்பளியும் வைத்துக் கட்டியவன் நான். திருவொற்றியூரிலிருந்து வரும்போது எனக்கு அந்தக் கம்பெனிக்காரன் மேல் ஆத்திரம் பொங்கியது. யாரோ ஒருவன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு நிம்மதிகூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கிராமபோனைத் தூசி தட்டி, அந்தப் பழைய தட்டைப் போட்டேன். அவள் செய்தது போலத் தலையைக் குழாய் வாயில் சாய்த்துக்கொண்டேன். கிள்ளும் இடம் வந்தது. டொக், டொக். கிள்ளலைக் கேட்காமல் விட்டுவிட்டு அதற்கு அடியில் கேட்டேன். மெட்டு இருந்தது. மெல்லியதாக, ஆனால் ஒரு சுரம் விடாமல் இருந்தது. மெஷின் அதை விடவில்லை, பிடித்துத்தான் வைத்திருந்தது. அவள் சொன்னாளே, நல்லா கேட்டுப் பாருங்க என்று. ஒரு தடவை குனிந்திருந்தால் போதும். குனியவில்லை. அந்த அறையில் அன்றைக்கு நான் வாய்விட்டு அழுதேன்.

இப்போது அந்தச் சொனாட்டாவுக்கு மூன்று நாலு பதிவுகள் வந்துவிட்டன. கிடைத்ததை எல்லாம் வாங்கிக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தை உலகத்துப் பெரிய கைகள் வாசித்து வாசித்துக் கேட்டாயிற்று, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஊசியைத் திரும்ப வைக்கலாம். அவள் வாசித்ததை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். ஜன்னலிலிருந்து கதவுக்கு நடந்து போக எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்.